இளமாறன் வயிற்றில் ஒருத்தி

"அடியில காந்தல் இருக்கா முகை?" என்று இளமாறன் கேட்டதும், களி கிண்டிக்கொண்டிருந்த நறுமுகையின் கைத்துடுப்பு பாதியில் நின்றுவிட்டது.

கேட்கக்கூடாத எதையும் அவர் கேட்கவில்லை. களிச்சட்டியின் அடியில் தீய்ந்தும் தீயாமலும் ஒட்டியிருக்கும் கருகலைத்தான் கேட்டார். ஆனால் இந்த மனிதர் பாபநாசத்துக்காரர். வெள்ளைப் பொன்னி அரிசியைத் தவிர வேறொன்றைச் சோறு என்று ஒப்புக்கொள்ளாத குடும்பம். கல்யாணமான புதிதில், பென்னாகரத்திலிருந்து வந்த பெண் ஆசை ஆசையாகக் கேழ்வரகுக் களி கிண்டித் தட்டில் வைத்தபோது, "எங்க ஊர்ல இதை மாட்டுத் தொட்டியில கரைச்சு ஊத்துவாங்க" என்று சொல்லிச் சிரித்தவர். அவருடைய அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நறுமுகையும் சிரித்துவைத்தாள். அன்றைக்குப் பரணில் ஏறிய களித்துடுப்பு பதினாறு வருஷம் கழித்து இப்போதுதான் இறங்கியிருக்கிறது. அதுவும் அவளுக்காக இறங்கவில்லை.

"காந்தல்ங்கிற வார்த்தையே உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"தெரியலையே. நாக்குல வந்துச்சு," என்றார் அவர். பிறகு கண்ணை மூடி மூச்சை இழுத்து, "என்ன வாசனை. இவ்வளவு நாளா இது தெரியாம இருந்துட்டேனே" என்றார்.

நறுமுகை காந்தலைச் சுரண்டி அவர் தட்டில் போட்டாள். பெண்டாட்டி கிண்டிய களியை மாட்டுத் தொட்டிக்கு அனுப்பியவருக்கு, யாரோ ஒருத்தி வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டதும் அது அமிர்தமாகிவிட்டது. எரியாமல் என்ன செய்யும்?

யாரோ ஒருத்தி என்று அவள் நினைத்தது வெறும் கற்பனை இல்லை. இளமாறனுக்குக் குடல் புண்ணாகி, ரத்தமாகப் போய், எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, பெருங்குடலை வெட்டி எடுத்து வயிற்றில் பை மாட்ட வேண்டியதுதான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வேறு வழி உண்டா என்று அலைந்ததில் கிடைத்ததுதான் குடல் நாற்றங்கால். நல்ல வயிறு வாய்த்தவர்களிடமிருந்து நுண்ணுயிர்களை எடுத்து, உறைய வைத்துப் பாதுகாத்து, பொருத்தம் பார்த்து நோயாளியின் குடலில் நட்டுவிடுவார்கள். ஊரில் எல்லோரும் அதை நாற்று வைப்பது என்றே சொன்னார்கள். இளமாறனுக்கு வைத்த நாற்று ஒரே வாரத்தில் வேர் பிடித்தது. ஒரு மாதத்தில் எழுந்து நடந்தார். மூன்றாம் மாதம் வேலைக்குப் போனார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று உட்கார வைத்து எல்லாம் விளக்கியது எழிலி. நாற்றங்காலில் அவள்தான் உணவு ஆலோசகர். நறுமுகைக்குச் சித்தப்பா மகள். ஒரே கூட்டுக் குடும்பத்தில், ஒரே சட்டிக் களியில் வளர்ந்தவர்கள்.

"மாமா, நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள் எழிலி. "மத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு, முப்பது கிராம் நார்ச்சத்து போதும். உங்களுக்கு நாப்பது. ஒரு கிராம் குறையக் கூடாது."

"அவ்வளவு நாரைத் தின்னு நான் என்ன கயிறா திரிக்கப் போறேன்?"

"நார் உங்களுக்கு இல்ல மாமா, அதுங்களுக்கு. நீங்க சாப்பிடுறதுல உங்களுக்குச் செரிக்காம கீழ இறங்குது பாருங்க, அதுதான் அதுங்களுக்குச் சோறு. சோறு போட்டா அதுங்க உங்க குடலுக்கு மருந்து சுரக்கும். பட்டினி போட்டா, குடல் சுவர்ல வழவழன்னு ஒரு படலம் இருக்கு இல்லையா, அதைத் தின்ன ஆரம்பிக்கும். அதுவும் தீர்ந்தா செத்துப்போகும். மறுபடி வைக்கலாம்னா இந்த நாத்து கிடையாது. ஒரே ஒரு குப்பிதான் இருந்துச்சு, அதை உங்களுக்கு வெச்சாச்சு."

இளமாறன் பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையாட்டினார்.

"இன்னொண்ணு. கொடுத்தவங்க நாக்கு ருசியும் கொஞ்சம் கூடவே வரும். அதுங்க பழகின சாப்பாட்டைத்தான் அதுங்க கேட்கும். பயந்துடாதீங்க."

"அப்படி யாரு கொடுத்தது?"

"அதை மட்டும் கேட்கக் கூடாது மாமா. சட்டம்," என்றவள் நறுமுகையின் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாள். சாதாரணச் சிரிப்புத்தான். நறுமுகை அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று முழுக்க அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

கொடுத்தவரை மறைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுத்த சைவ வீட்டு மாமி ஒருத்தி திடீரென்று நெத்திலிக் கருவாட்டுக்கு ஏங்கி, வீடு இரண்டுபட்டதை ஊரே பேசியது. தன் மனைவி வயிற்றில் எவனுடையதோ இருக்கிறதென்று நீதிமன்றத்துக்குப் போன ஆளும் உண்டு. அந்தச் செய்தியைப் பார்த்து நறுமுகை, இதற்கெல்லாமா சண்டை போடுவார்கள் என்று கேலி பேசியிருக்கிறாள்.

இப்போது தன் முறை வந்துவிட்டது. சாமைச் சோறு கேட்டார். கொள்ளுக் கடைசல் கேட்டார். அவரைக்காயைத் தோலோடு போடச் சொன்னார். மாங்காய் நறுக்கினால் தோலைப் பொறுக்கி உப்புத் தொட்டு மென்றார். எல்லாமே பென்னாகரத்துச் சாப்பாடு. அவள் பிறந்த வீட்டுச் சட்டிகளில் இருந்தவை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர் இருக்க, இவர் வயிற்றுக்கு அந்த ஊர் எப்படி வழி கண்டுபிடித்தது? அந்த ஊர்க்காரி ஒருத்தி நாற்றங்காலிலேயே வேலை பார்க்கும்போது, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா?

காந்தல் ஒன்று போதாதா? சின்ன வயசில் காந்தலுக்கு உயிரை விட்டவள் எழிலி. சட்டியைக் கவிழ்த்துவைக்க விடமாட்டாள்.

பழைய முள் ஒன்றும் உள்ளே இருந்தது. இளமாறன் வீட்டார் பெண் பார்க்க வந்தது எழிலியைத்தான். கூடத்தில் பாயை விரித்து, எழிலிக்குப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து எல்லாம் ஆனது. "எனக்கு மேல படிக்கணும்" என்று அவள் நடுக்கூடத்தில் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் வெறுங்கையோடு போவானேன் என்று, காப்பித் தட்டு ஏந்தி நின்ற நறுமுகையைப் பார்த்தார்கள். அவள் அன்றைக்குத் தலைகூட வாரியிருக்கவில்லை. "ரெண்டும் ஒரே வீட்டுப் பொண்ணுங்கதானே" என்று இளமாறனின் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்கு வேண்டாம் என்று போனவள், இன்றைக்கு அவர் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டாளா?

எழிலி வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். "மாமா, இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டால், "நாப்பத்திரண்டு" என்று இவர் பரீட்சையில் முதலாவது வந்தவர் மாதிரி சொல்வார். "சபாஷ். என்னென்ன சாப்பிட்டீங்க?" என்பாள். அதற்கப்புறம் கால் மணி நேரம் களியும் கீரையும்தான் பேச்சு. நறுமுகை சமைத்ததைத்தான் பேசுவார்கள். ஆனால் அவள் பெயர் அதில் வராது.

ஒருநாள் பேசி முடித்துவிட்டு, "கொடுத்தது யாரோ தெரியல முகை," என்றார் இளமாறன். "ஆனா நல்ல மனசு உள்ளவளா இருக்கணும். சாப்பிடும்போது ஒரு சந்தோஷம் வருது பாரு, அது என்னுது இல்ல. அவளோடது."

"அவளா? பொம்பளைன்னு யார் சொன்னது?"

"தோணுது."

தோன்றுகிறதாம். நறுமுகைக்கு வந்த ஆத்திரத்தில் கொள்ளுச் சட்டியை அப்படியே கழுவும் தொட்டியில் கவிழ்த்திருப்பாள். கவிழ்க்கவில்லை. அதைவிட அமைதியான வழி அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாமியார் இருந்தவரை அந்த வீட்டில் சலிக்காத மாவு அடுப்பேறியதில்லை. அகலப் பாத்திரத்தின் வாயில் மெல்லிய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டி, மேலே மாவைக் கொட்டிக் கையால் தேய்க்க வேண்டும். நயமானது கீழே இறங்கும், கப்பியும் தவிடும் துணிமேல் நிற்கும். ரசத்தை வடிகட்டித்தான் பரிமாறுவார்கள். வாழைத்தண்டை நறுக்கினால் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டுப் பிழிந்தும் விடுவார்கள். சட்னியில் திப்பி தட்டுப்பட்டால் மாமியார் ஒன்றும் சொல்லமாட்டாள், தட்டின் ஓரத்தில் வரிசையாக எடுத்துவைப்பாள். அதைப் பார்த்துப் பார்த்தே நறுமுகை அந்தப் பக்குவத்தில் தேறிவிட்டாள். இப்போது மாமியார் இல்லை. மகளும் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அடுப்படியில் அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க ஆளில்லை.

அலமாரியிலிருந்து வேட்டித் துணியை எடுத்தாள். கேழ்வரகு மாவைச் சலித்தாள். கப்பியைத் தூக்கிப்போட மனசு வராமல், கல்லூரி நாளிலிருந்து கூடவே இருக்கும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடினாள். கொள்ளை வேகவைத்துத் தண்ணீரை மட்டும் இறுத்து ரசம் வைத்தாள். கீரையைக் கடைந்து, துணியில் பிழிந்து, சாற்றை ஊற்றினாள். நிறமும் மணமும் இருக்கும், நார் இருக்காது.

அடுப்படிச் சுவரில் நாற்றங்கால்காரர்கள் மாட்டிய நார்மானி இருந்தது. சமைத்ததை அதனிடம் சொன்னால் கணக்குக் கூட்டிச் சொல்லும். "கேழ்வரகுக் களி ரெண்டு உருண்டை, கொள்ளுக் கடைசல், முளைக்கீரை," என்றாள் நறுமுகை. "இன்றைய நார் நாற்பத்தொரு கிராம். நன்று," என்றது அது இனிமையான குரலில். அடுப்படியில் நின்று ஒருத்தி பொய் சொல்வாள் என்று அதைச் செய்த கெட்டிக்காரர்களுக்குத் தோன்றியிருக்காது.

இளமாறனைக் கொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அந்த ஒருத்தி மட்டும் வெளியே போனால் போதும். நோய்தான் ஆறிவிட்டதே, ஆறிய புண் ஏன் மறுபடி வரப்போகிறது என்று தனக்குத்தானே வைத்தியமும் சொல்லிக்கொண்டாள். பொறாமை வந்தவளுக்கு எல்லா வித்தையும் தெரிந்துவிடுகிறது.

முதலில் அவருக்குப் பசி கூடியது. "சாப்பிட்ட மாதிரியே இல்ல முகை," என்பார். இன்னும் இரண்டு உருண்டை வைப்பாள். பிறகு மெல்ல மெல்ல, காந்தல் கேட்பதை நிறுத்தினார். மாங்காய்த் தோலைப் பொறுக்குவது நின்றது. ஒரு மத்தியானம் தட்டைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெள்ளைச் சோறும் ரசமும் போடேன், அம்மா வைக்கிற மாதிரி" என்றார்.

நறுமுகைக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அன்று எழிலி கூப்பிட்டபோது, "நாப்பதுன்னு சொல்லிடு, எனக்கு அசதியா இருக்கு" என்று அவர் போய்ப் படுத்துக்கொண்டார். "மாமா பேசலையா?" என்றாள் எழிலி. "அவருக்குப் பேசப் பிடிக்கல" என்று சொன்னபோது நறுமுகைக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது.

அடுத்த வாரமே வெல்லம் கசந்தது. குளியலறையிலிருந்து "முகை" என்று ஒரு குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. கீழே ரத்தம்.

ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. இவர் பிழைக்க வேண்டும். எழிலியோடதோ எவளோடதோ, எது வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலையில் எழிலி சோதனைகளை முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். "உட்காரு முகை," என்றாள். தான் உட்காரவில்லை. "உங்க வீட்டு நார்மானி ஒருநாள் தவறாம நாப்பது, நாப்பத்தொண்ணுன்னு சொல்லுது. மாமா குடல்ல இருந்து சாம்பிள் எடுத்துப் பார்த்தா, ஒன்றரை மாசத்துப் பட்டினி. எது பொய்?"

நறுமுகைக்கு எல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. "நான்தான் சலிச்சேன். சலிச்சுச் சலிச்சு வடிகட்டித்தான் போட்டேன். உன்னோடது செத்தது உனக்கு வலிக்குதோ?"

"என்னோடதா?"

"நடிக்காத எழிலி. சாமை, கொள்ளு, காந்தல்னு எல்லாம் நம்ம வீட்டு ருசி. உன்னை விட்டா யாரு? அன்னைக்குக் கூடத்துல வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவளுக்கு இப்ப என்ன வந்துச்சு?"

எழிலி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்த நறுமுகைக்கு, அந்த முகத்தில் தெரிந்தது புரியவில்லை. எழிலி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலேஜ்ல ரெண்டாம் வருஷம் ஒரு முகாம் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

"கண் பரிசோதனை முகாமா?"

"கண் பரிசோதனைக்கு யாராவது டப்பாவைக் கையில கொடுத்துக் கக்கூசுக்கு அனுப்புவாங்களாடி? கிராமத்துச் சாப்பாடு சாப்பிடுறவங்க வயித்துல என்ன இருக்குன்னு பார்க்க வந்தாங்க. எனக்கு வெட்கம், நான் போகல. நீ கொடுத்துட்டு வந்த. கொடுத்தவங்களுக்கெல்லாம் ஒரு எவர்சில்வர் சம்படம் தந்தாங்க. எனக்கும் ஒண்ணு வேணும்னு நான் அழுதேன்னு நீ போய் அவங்களோட சண்டை போட்டே."

நறுமுகைக்குச் சம்படம் ஞாபகம் வந்தது. அடுப்படியில், கப்பி நிறைந்து, மூடி அழுந்த மூடியிருக்கும்.

"மாமாவுக்குப் பொருத்தம் பார்க்கும்போது எத்தனையோ ஆயிரம் குப்பியில அன்னைக்கு நீ கொடுத்தது ஒண்ணுதான் பொருந்துச்சு. கல்யாணமான புதுசுல உன்னோடது அவருக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கும் இல்லையா, அவர் உடம்புக்கு அது அந்நியமாத் தெரியல. ஒரே வாரத்துல வேர் பிடிச்சுக்கிச்சு. வாயைத் திறந்து சொல்லக் கூடாதுன்னு விதி. ஆனா உன்னைப் பார்த்துச் சிரிச்சேனே. மாமா காந்தல் கேட்க ஆரம்பிச்சாரே, அப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னுதான் நினைச்சேன்."

"காந்தல் உனக்குத்தானே உயிர்."

"எனக்கா? சட்டியை மடியில வெச்சுச் சுரண்டுறது நீ. நான் பக்கத்துல நின்னு அழுவேன். போனாப் போகுதுன்னு பாதி தருவ."

நறுமுகை நினைத்துப் பார்த்தாள். சட்டி தெரிந்தது, அழுத பிள்ளை தெரிந்தது. சட்டியை மடியில் வைத்திருந்தவளின் முகம் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

எழிலியின் கையைப் பிடித்தாள். "அப்ப என்கிட்ட இருந்தே மறுபடி எடுத்துக்கோ. இப்பவே எடு."

"எடுத்தா என்ன முகை, உன்கிட்ட இல்லையே," என்றாள் எழிலி. அவள் குரல் உடைந்திருந்தது. "மாமா படுத்த புதுசுல உன்னோடதும்தானே எடுத்துப் பார்த்தோம். உன் வயித்துல ஒண்ணுமே இல்ல. பதினாறு வருஷமா நீயும் அந்தச் சலிச்ச மாவைத்தானே தின்ன."

நறுமுகை ஒருத்தியை ஒன்றரை மாதத்தில் பட்டினி போட்டதாக நினைத்திருந்தாள். அதே ஒருத்தியைத் தன் வயிற்றில் என்றைக்கோ முடித்துவிட்டிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பொறாமைகூடக் கிடையாது. நல்ல மருமகள் என்று பெயர் வாங்கத்தான் செய்தாள்.

"முழுசாப் போயிடுச்சா?"

"சொல்ல முடியாது. எங்கேயாவது மடிப்புல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். எடுத்தவுடனே நாப்பதுக்குப் போகாத, குடல் தாங்காது. அஞ்சு கிராம்ல ஆரம்பி. புண்ணு ஆற ஆறக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. இருந்தா அதுவே கேட்கும். கேட்கலைன்னா..."

இளமாறனுக்கு ரத்தம் நின்று, கஞ்சி கொடுக்கலாம் என்று சொன்ன அன்று, நறுமுகை வீட்டுக்குப் போய்ச் சம்படத்தைத் திறந்தாள். கப்பியில் ஒரு கரண்டி எடுத்து மாவோடு கலந்து, நன்றாகக் குழைய வேகவைத்துக் கூழாகக் கரைத்தாள். சட்டியின் அடியில் காந்தல் பிடித்திருந்தது. சுரண்டி வாயில் போட்டுப் பார்த்தாள். கசந்தது. மென்று விழுங்கினாள். வேறொன்றும் தோன்றவில்லை. இருந்தாலும் மீதியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். நாலு வாய் கூழ் ஊட்டிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான்தான் உங்களைப் பட்டினி போட்டேங்க. மாவைச் சலிச்சேன். மெஷின்கிட்டப் பொய் சொன்னேன்."

அவர் அவளையே பார்த்தார். "என்னைக் கொல்லப் பார்த்தியா?"

"உங்களை இல்லங்க. அவளை."

"யாரை?"

"எழிலின்னு நினைச்சேன்."

இளமாறன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் வந்து மருந்து மாற்றிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் வந்து, ஆரஞ்சு உரித்துத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். அதுவரைக்கும் அவர் திரும்பவில்லை. நறுமுகையும் எழுந்து போகவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று வாய்வரை வந்தது. கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் கேட்கவில்லை.

கடைசியில் சுவரைப் பார்த்தபடியே அவர், "அது என்ன வாசனை?" என்றார்.

"எது?"

"அந்தக் கிண்ணத்துல. காந்தலா?"

நறுமுகை மூடியை எடுத்து ஒரு துணுக்கை அவர் நாக்கில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அதை ஊறவைத்தார். முகத்தில் அந்தச் சந்தோஷம் லேசாக எட்டிப்பார்த்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. கூடவே, நம்புவதானால் நம்புங்கள், அந்தப் பழைய எரிச்சலும் வந்தது. பதினாறு வருஷத்தில் தன்னைப் பார்த்து இந்த முகம் ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை.

"எழிலி இல்லைன்னா, அது யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"தெரிஞ்சுது."

"எப்படி இருப்பா?"

நறுமுகை கிண்ணத்தில் இன்னொரு துணுக்கை எடுத்தாள்.

"சொல்லத் தெரியலங்க," என்றாள். "நானும் அவளைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."